சஃபாரி சிலபஸ்: அமிர்தி டு ஆப்பிரிக்கா!



'சஃபாரி'ன்னு சொன்னதும் நம்ம வீடுகள்ல என்ன ஞாபகம் வரும்? சித்தப்பா, பெரியப்பா எல்லாம் கல்யாண ரிசப்ஷனுக்கு மாட்டிக்கிட்டு வர்ற, முன்னாடி நாலு பாக்கெட் வெச்ச அந்த டிரெஸ்தான். ஆனா, ஒரிஜினல் அர்த்தம் வேற. கிழக்கு ஆப்பிரிக்காவுல பேசுற ஸ்வாஹிலி மொழியில சஃபாரின்னா 'பயணம்'. அவ்வளவுதான். அதுல சிங்கமும் கிடையாது, சூட்டும் கிடையாது!

எதுக்கு இந்த பில்டப்புன்னு கேக்குறீங்களா? செமஸ்டர் லீவு வந்தா போதும்... நம்ம கிளாஸ்ல யாராவது ஒருத்தர் போன்ல ஆப்பிரிக்கா லாட்ஜ் போட்டோவைக் காட்டி பெருமூச்சு விடுவாங்க. மரத்தாலான வராந்தா, கையில டீ கப், எதிர்ல ஒட்டகச்சிவிங்கி. 'இதெல்லாம் நமக்கு எங்கடா'ன்னு அடுத்த போட்டோவுக்குப் போயிடுவோம். ஆனா, அந்த வராந்தாவுக்குப் பின்னாடி ஒரு பக்கா பிளானிங் இருக்கு மக்களே. குழந்தை குட்டி, தாத்தா பாட்டியோட காட்டுக்கு வர்றவங்களை எப்படி பத்திரமா, சந்தோஷமா பாத்துக்கிறதுன்னு அவங்க பல வருஷமா யோசிச்சு வெச்ச சிலபஸ் அது. அதைக் கத்துக்க டிக்கெட் வேணாம். அந்த சிலபஸை அப்படியே உருவிக்கிட்டு வந்து நம்ம அமிர்தியில அப்ளை பண்ணிப் பாத்தா என்னன்னுதான் இந்த வாரம்!

அமிர்தி தெரியாதவங்களுக்கு சின்ன இன்ட்ரோ. வேலூர்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையோட அடிவாரம். 1967-ல ஆரம்பிச்ச வன உயிரியல் பூங்கா இருக்கு. மொத்தம் 25 ஹெக்டேர், அதாவது சுமார் 62 ஏக்கர். அதுல பாதியைத்தான் நாம சுத்திப் பாக்குற மாதிரி பண்ணியிருக்காங்க. மீதி காடாவே இருக்கு. புள்ளிமான், மயில், முதலை, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தா அருவி. வேலூர் பசங்களுக்கு இது ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் ஸ்பாட்!

'கூண்டுல மான் பாக்குறதுக்குப் பேரு சஃபாரியா பாஸ்?'னு நக்கல் அடிக்காதீங்க. பூங்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறது நிஜமான ஜவ்வாது மலைக்காடு. பிளான் கரெக்டா இருந்தா இதுவும் சஃபாரிதான். பிளான் சொதப்பினா மசாய் மாராவே போனாலும் அது வெறும் அலைச்சல்தான்.

சரி, நோட்டை எடுங்க. மொத்தம் அஞ்சு யூனிட்!

யூனிட் 1: யாரெல்லாம் வர்றாங்க?

நாம டூர் பிளான் போடும்போது முதல்ல கேக்குற கேள்வி 'எங்க போலாம்?'. ஆப்பிரிக்கா லாட்ஜ்ல முதல்ல கேக்குற கேள்வி 'உங்க கடைக்குட்டிக்கு என்ன வயசு?'. சும்மா கேக்கல. நிறைய லாட்ஜ்கள்ல ஆறு வயசுக்குக் கீழ இருக்கற வாண்டுகளை மத்தவங்களோட சேந்து போற ஜீப்ல ஏத்த மாட்டாங்க. காட்டுக்குள்ள நடந்து போற சஃபாரின்னா பல இடத்துல 12 வயசு, சில இடத்துல 16 வயசு ஆகியிருக்கணும். மூணு மணி நேரம் சத்தம் போடாம உக்காருன்னு ஒரு நாலு வயசு வாலுகிட்ட சொல்ல முடியுமா? முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால குட்டிப் பசங்களுக்குத் தனி வண்டி, குறைஞ்ச நேரம், தனி புரோகிராம்.

நம்ம கேஸுக்கு வருவோம். உங்க வீட்டு லிஸ்ட்ல ரொம்பச் சின்னவங்க யாரு, ரொம்பப் பெரியவங்க யாரு? இந்த ரெண்டு பேரை வெச்சுத்தான் பிளான். நடுவுல இருக்கற நாம எப்படியும் சமாளிச்சுப்போம். அருவிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கணும், திரும்பியும் நடக்கணும். பாட்டி முட்டி அதுக்கு ஒத்துக்குமா? ஒத்துக்காதுன்னா, 'நீங்க கார்லயே இருங்க பாட்டி, நாங்க வந்துடறோம்'னு கழட்டி விடறது பிளான் இல்ல, அநியாயம்! ரெண்டு டீமா பிரிங்க. ஒரு டீம் அருவிக்கு. இன்னொரு டீம் பாட்டியோட பூங்காவுக்குள்ள நிதானமா ஒரு ரவுண்டு. அப்புறம் ஆள் மாத்திக்கங்க. பாட்டிகூட இருந்த டீமுக்குத்தான் அன்னிக்கு பெஸ்ட் கதை கிடைக்கும், கேரன்டி.

வாண்டுகளுக்கு ஆப்பிரிக்கா லாட்ஜ்ல ஒரு சூப்பர் டெக்னிக் வெச்சிருக்காங்க. சிங்கத்தைக் காட்டறதுக்கு முன்னாடி காலடித் தடத்தையும் சாணத்தையும் காட்டுவாங்க. 'இது யாரோட கால்? இது என்ன சாப்பிட்டிருக்கும்?'னு துப்பறிய விட்டுடுவாங்க. அமிர்திக்குப் போறப்போ ஒரு பத்து ரூபா நோட்டும் பென்சிலும் குட்டிகிட்ட குடுங்க. பத்து பறவை, அஞ்சு பட்டாம்பூச்சி, மூணு காலடித் தடம்... கண்டுபிடிச்சா வரையணும். 'புலி எங்கே, புலி எங்கே'ன்னு நச்சரிக்கறது தானா நின்னுடும்.

யூனிட் 2: எப்போ போகணும்?

ஆப்பிரிக்கா லாட்ஜ் டைம்டேபிளைப் பாத்தா நம்ம ஹாஸ்டலே தேவலாம்னு தோணும். விடியறதுக்கு முன்னாடி எழுப்பி விட்டுடுவாங்க. காலையில ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து. மத்தியானம் முழுக்க ரெஸ்ட். ஏன்னா, வெயில் நேரத்துல மிருகங்களே நிழல்ல படுத்துடும். காட்டுல டைம்டேபிள் போடறது நாம இல்ல, வெயில்தான்.

நம்ம ஆளுங்க என்ன பண்ணுவோம்? பதினோரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு மணி உச்சி வெயில்ல போய் நின்னு, 'என்னடா ஒண்ணுமே அசைய மாட்டேங்குது'ன்னு மான் மேல கோபப்படுவோம். பூங்கா திறந்ததும் உள்ள நுழையற மாதிரி கிளம்புங்க. திறக்கற நேரம், வார விடுமுறை ரெண்டையும் முன்னாடியே விசாரிச்சுக்கங்க.

சீசன் மேட்டர் ரொம்ப முக்கியம். அருவியில தண்ணி வேணும்னா மழைக்குப் பிறகு போகணும். கோடையில பாறையைத்தான் பாத்துட்டு வரணும். ஆனா, மழைக்காலத்துல ஒரு எச்சரிக்கை. நாம நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மலை மேல மழை கொட்டிக்கிட்டு இருக்கும். அந்தத் தண்ணி கொஞ்ச நேரத்துல கீழ வந்துடும். தண்ணி திடீர்னு கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, 'இன்னும் ஒரே ஒரு போட்டோ' எல்லாம் வேணாம். உடனே மேடான இடத்துக்கு ஏறிடணும்.

கோடையில இன்னொரு வில்லன், காட்டுத்தீ. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க தீயில சிக்கினதும், 20 பேருக்கு மேல இறந்துபோனதும் ஞாபகம் இருக்குமே... அதுல நம்ம வயசுக்காரங்களும் இருந்தாங்க. அதனால, அனுமதி இல்லாத பாதையில 'சும்மா ஒரு ட்ரெக்'னு ஏறாதீங்க. ஜவ்வாது மலை இப்போ வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைன்னு மூணு மாவட்டத்துல பரவியிருக்கு. எந்தப் பக்கம் ஏறப் போறீங்களோ, அந்தப் பக்கத்து வனத்துறை ஆபீஸ்ல கேளுங்க.

யூனிட் 3: எங்க தங்கறது?

வேலூர்ல லாட்ஜ்னா அதுக்கு அர்த்தமே வேற. 1900-ல ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்ச சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு வடகிழக்கு மாநிலங்கள்ல இருந்து வங்காளம் வரைக்கும் ஜனங்க வர்றாங்க. ஆஸ்பத்திரியைச் சுத்தி இருக்கற லாட்ஜ்கள்ல பாதிப் பேர் நோயாளியோட குடும்பம்தான். அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, 'போய்ப் பாத்துக்கலாம்'னு கிளம்பாம முன்னாடியே ரூம் போடுங்க. ரெண்டு, ராத்திரி காரிடார்ல கும்மாளம் போடாதீங்க. பக்கத்து ரூம்ல யாரோ நாளைக்கு ஆபரேஷனுக்குக் காத்திருக்கலாம்.

'இல்ல பாஸ், மலையிலேயே தங்கணும்'னா ஜமுனாமரத்தூர் பக்கம் விசாரிக்கலாம். ஆனா, காட்டை ஒட்டின ரிசார்ட் எதுவா இருந்தாலும் ஒரு கேள்வி கேக்கணும்: 'இதுக்கு முறையான அனுமதி இருக்கா?'

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நீலகிரி மாவட்டம் சீகூர்ல நடந்தது அப்படி. யானைங்க காலங்காலமா போய் வந்த வழித்தடத்துல ரிசார்ட்டுகள் முளைச்சுது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல யானைங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. 2018-ல உச்ச நீதிமன்ற உத்தரவால ரிசார்ட்டுகளுக்கு சீல் வெச்சாங்க. 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி பண்ணிடுச்சு. அப்புறம் 2021 ஜனவரியில மசினகுடி பக்கத்துல, தங்கும் விடுதி கிட்ட வந்த யானை மேல எரியற டயரைத் தூக்கிப் போட்ட வீடியோ வெளியே வந்துச்சு. அந்த யானை செத்துப் போச்சு. பாத்தவங்க யாருக்கும் மறக்காது.

'நாம ரூம்தானே போட்டோம், நாம என்ன பண்ணோம்?'னு கேக்கலாம். நாம குடுக்கற அட்வான்ஸ்லதான் அந்த வேலி நிக்குது. யானைக்குப் போக வழி இல்லாத இடத்துல கட்டின ரூம்ல உக்காந்து, 'வாவ், நேச்சர்'னு ஸ்டேட்டஸ் போட்டா எப்படி?

யூனிட் 4: அம்மாவுக்கு லீவு உண்டா?

இதுதான் பரீட்சையில கட்டாயம் வர்ற 16 மார்க் கொஸ்டின்!

குடும்ப டூர்னா நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்? விடியக்காலை மூணு மணிக்கு அம்மா எழுந்துக்கணும். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், குட்டிக்குத் தனியா பருப்பு சாதம். போற இடத்துல பேப்பர் பிளேட் போட்டுப் பரிமாறணும். பாட்டி மாத்திரை, தம்பி ஸ்வெட்டர் எல்லாம் அம்மா பை. வந்ததும் பத்து டிபன் பாக்ஸ் கழுவணும், அஞ்சு பேர் துணி துவைக்கணும். நாம 'செம டூர்'னு சொல்லிட்டு இருக்கும்போது அம்மா அடுப்படியில இருப்பாங்க. இடம் மாறிச்சு, வேலை மாறலயே!

ஆப்பிரிக்கா லாட்ஜ்ல நாம காப்பியடிக்க வேண்டிய விஷயம் அந்த மர வராந்தா இல்ல. 'சமையல் உங்க வேலை இல்ல'ன்னு சொல்றாங்க பாருங்க, அது. குடும்பத்துக்கேத்த லாட்ஜ்னா ஊஞ்சலும் நீச்சல் குளமும் மட்டும் இல்ல. குடும்பத்துல இருக்கற எல்லாருக்கும் அங்க லீவு இருக்கணும்.

அதுக்குப் பணக்காரனா இருக்கணும்னு அவசியமே இல்ல. முதல் நாள் ராத்திரியே வேலையைப் பிரிச்சு எழுதுங்க. பாட்டி மாத்திரை அப்பா பொறுப்பு. தம்பி பை தம்பி பொறுப்பு. தண்ணி கேன், குப்பைப் பை நம்ம பொறுப்பு. சாப்பாடு வேலூர்ல ஓட்டல்ல சொல்லி வாங்கிக்கலாம். இல்ல வீட்டுச் சாப்பாடுதான் வேணும்னா, மூணு மணிக்கு நாமளும் எழுந்து வெங்காயம் உரிக்கணும். திரும்பி வந்ததும் பாத்திரம் நம்ம கையில. அசைன்மென்ட் சப்மிட் பண்ற வேகத்துல செஞ்சா அரை மணி நேர வேலை!

காசு எங்க போகுதுன்னும் கொஞ்சம் பாருங்க. கென்யாவுல மசாய் மாராவைச் சுத்தி மசாய் மக்களோட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தற பாதுகாப்புப் பகுதிகள் இருக்கு. அங்க லாட்ஜ் நடத்தறவங்க நிலத்துக்காரங்களுக்கு வாடகை தரணும். காட்டை காடாவே வெச்சிருந்தா வருமானம் வரும்ங்கற கணக்கு. ஜவ்வாது மலையில வாழற மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விளைவிக்கறாங்க, தேன் எடுக்கறாங்க. மலை ஏறினா ஏதோ ஒரு சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பதிலா அவங்ககிட்ட சாமை அரிசியும் தேனும் வாங்குங்க. பேரம் பேசி பத்து ரூபா குறைக்கறதுல நம்ம வீரத்தைக் காட்ட வேணாமே!

யூனிட் 5: ஏதாவது ஆச்சுன்னா?

கிழக்கு ஆப்பிரிக்காவுல 1957-ல இருந்து 'பறக்கும் டாக்டர்கள்' சர்வீஸ் இருக்கு. காட்டுக்குள்ள யாருக்காவது சீரியஸ்னா சின்ன விமானம் வந்து நைரோபிக்குத் தூக்கிட்டுப் போகும். நல்ல லாட்ஜ்ல ரூம் போடும்போதே பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு சொல்லிடுவாங்க.

இந்த யூனிட்ல அமிர்தி டிஸ்டிங்ஷன்! வேலூர் - திருவண்ணாமலை ரோட்டுல அடுக்கம்பாறையில அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வேலூருக்குள்ள சி.எம்.சி. இந்தியாவுல எத்தனை காட்டுக்குப் பக்கத்துல இப்படி ரெண்டு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் சொல்லுங்க?

காட்டுல நாம பயப்பட வேண்டியது புலிக்கு இல்ல, பாம்புக்கு. 2000-ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்காங்கன்னு ஒரு பெரிய ஆய்வு கணக்குப் போட்டுச்சு. வருஷத்துக்கு சராசரி 58,000. அதனால செருப்பு வேணாம், ஷூ போடுங்க. பாறை இடுக்குல கை விடாதீங்க. இருட்டினா டார்ச் இல்லாம ஒரு அடிகூட வேணாம். யாரையாவது கடிச்சிட்டா கயிறு கட்டறது, பிளேடால கீறறது, வாயால உறிஞ்சறது... இதெல்லாம் சினிமாவோட போகட்டும். கடிபட்ட கை, காலை அசைக்காம வெச்சு, 108-க்கு போன் பண்ணி, விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவ்வளவுதான்.

குரங்குக்கு பிஸ்கட் போடறது பாசம் இல்ல. இன்னிக்கு நீங்க குடுப்பீங்க, நாளைக்கு அது வேற குழந்தை கையில இருந்து பிடுங்கும். ஒருதடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்தே தடை. மஞ்சப்பையோட போங்க, குப்பையோட திரும்பி வாங்க.

பிராக்டிகல் லேப்: ராத்திரி வானம்

ஆப்பிரிக்கா லாட்ஜ்ல ராத்திரி நட்சத்திரம் பாக்கறதையும் ஒரு புரோகிராமா வெச்சிருப்பாங்க. ஆனா, ஜவ்வாது மலையில இருக்கற மாதிரி ஒரு டெலஸ்கோப்பை எந்த லாட்ஜாவது காட்டட்டும்! மலையோட இன்னொரு பக்கம், ஆலங்காயம் தாண்டி காவலூர்ல வைணு பாப்பு வான் ஆய்வகம். அங்க இருக்கற 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல இருந்து வேலை செய்யுது. 1977-ல யுரேனஸ் கோளுக்கு வளையம் இருக்குன்னு உலகம் தெரிஞ்சுக்கிட்ட ஆராய்ச்சியில காவலூருக்கும் பங்கு உண்டு. காடு சூழ்ந்து இருட்டா இருந்ததாலதான் இந்த இடத்தையே தேர்ந்தெடுத்தாங்க. பொதுமக்கள் எந்த நாள்ல போலாம்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க. அமிர்தியில இருந்து மலை சுத்திப் போகணும்கறதால ஒரே நாள்ல ரெண்டையும் திணிக்க வேணாம். பாட்டி பாவம்!

மேற்படிப்பு

அமிர்தி பாஸ் பண்ணிட்டீங்களா? அடுத்து முதுமலை. 2007-ல புலிகள் காப்பகமா அறிவிச்ச காடு. தெப்பக்காட்டுல யானை முகாம், வனத்துறையோட வேன் சஃபாரி, வனத்துறையோட தங்கும் அறைகள் எல்லாம் உண்டு. முன்பதிவு மஸ்ட்.

வேலைக்குப் போய் நிஜமாவே கென்யா கூட்டிட்டுப் போற பிளானா? வாழ்த்துகள்! ஆனா, டிக்கெட்டுக்கு முன்னாடி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. பயணத்துக்கு 10 நாள் முன்னாடியே போட்டிருக்கணும். சர்டிஃபிகேட் இல்லாம திரும்பி வந்தா இங்க 6 நாள் வரைக்கும் தனியா வெச்சிடுவாங்க. ஒன்பது மாசத்துக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு இந்த ஊசி போட மாட்டாங்க. 60 வயசு தாண்டினவங்க டாக்டரைக் கேட்டுத்தான் போடணும். மலேரியா பயம் இருந்தா, தென்னாப்பிரிக்காவுல மடிக்வே, பிலானஸ்பெர்க் மாதிரி மலேரியா இல்லாத காடுகளும் இருக்கு. பாத்தீங்களா? அங்கயும் முதல் கேள்வி அதேதான்... ரொம்பச் சின்னவங்க யாரு, ரொம்பப் பெரியவங்க யாரு?

ரிசல்ட் எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? எத்தனை மிருகம் பாத்தோம்னு எண்ணாதீங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு அம்மாகிட்ட, 'மறுபடி எப்போம்மா போலாம்?'னு கேளுங்க. 'அய்யோ, ஆளை விடுங்கடா'ன்னு சொன்னா அரியர். அவங்களா காலண்டரை எடுத்து அடுத்த லீவு எப்போன்னு பாத்தா...

டிஸ்டிங்ஷன்!

அடுத்த வாரம் வேற சிலபஸோட பாப்போம். டாட்டா!